வெறுங்கையோடு வந்தவர்களா? ஓர் ஐந்து வரிப் பாட்டும் கல்லா-கீச்சி மக்களும்

உப்பங்கழி எழுதியது:

போன வாரம் வேறோர் இழையில் ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களிடம் பழைய வரலாறு எதுவும் மிஞ்சவில்லை. மொழி, பெயர், சாமி எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள்." இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். கொஞ்ச காலம் முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் இந்த இழை.

நான் இருப்பது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். இந்தக் கடற்கரையிலும் இதை ஒட்டிய தீவுகளிலும் கல்லா-கீச்சி மக்கள் வாழ்கிறார்கள். (கடையில் இருக்கும் கல்லா இல்லை, ஒரு மக்களின் பெயர்.) நெல் வயல்களில் வேலை செய்ய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். தீவுகளில் ஒதுங்கி வாழ்ந்ததால் தங்களுக்கென்று ஒரு பேச்சு, சமையல், கைத்தொழில் எல்லாம் காத்து வைத்திருக்கிறார்கள்.

1930களின் தொடக்கத்தில் லோரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு இந்த ஊர்களில் சுற்றினார். ஜார்ஜியா கடற்கரையில் ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமீலியா டாலி என்ற பெண்மணி அவருக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டினார். ஐந்தே வரிகள். ஆங்கிலம் இல்லை, கல்லா பேச்சும் இல்லை. அர்த்தம் என்னவென்று பாடியவருக்கே தெரியாது. அம்மா பாடினார், அதனால் அவரும் பாடினார். தன் மகள் மேரிக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அது மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டில் பேசும் மெண்டே மொழி என்று பின்னால் அடையாளம் காட்டியவர் அங்கிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். அமெரிக்காவில் ஒரு குடும்பம் வாய்வழியாகவே காத்துவந்த ஆப்பிரிக்க மொழிப் பகுதிகளில் இதைவிட நீளமானது இதுவரை கிடைக்கவில்லை என்கிறார்கள்.

1990இல் மானிடவியலாளர் ஜோசப் ஓபலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், சியரா லியோன் மொழியியலாளர் தாசியெஃப் கொரோமா மூவரும் அந்தப் பழைய பதிவின் தடம் பிடித்துப் புறப்பட்டார்கள். சியரா லியோனில் செனஹூன் ங்கோலா என்ற உட்கிராமத்தில் பதிவைப் போட்டுக் காட்டியதும் பென்டு ஜபாட்டி என்ற பெண் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். எல்லாச் சொல்லும் ஒன்றாக இல்லை, ஆனால் பாட்டு அதேதான். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய பாட்டி.

அது சாவுப் பாட்டு. கல்லறையில் பெண்கள் செய்யும் சடங்குக்குரியது. பொருள் ஏறக்குறைய இப்படி வரும்: எல்லோரும் வாருங்கள், கூடிப் பாடுபடுவோம். கல்லறை இன்னும் முடியவில்லை. அவர் நெஞ்சு நன்றாகக் குளிரட்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பேத்தி, இந்தப் பக்கம் ஒரு மகள். நடுவில் இருநூறு வருடத்துக்கு ஒரு கடிதம்கூட இல்லை. துடைத்துவிட்டார்கள் என்று இனி யாராவது சொன்னால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

கல்வெட்டுக்காரர் எழுதியது:

அருமையான பகிர்வு. படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

பாடியவருக்கே பொருள் தெரியாது என்கிறீர்கள். சாவுப் பாட்டு என்றும் தெரியாது. அப்படியென்றால் அவர்களிடம் மிஞ்சியது வெறும் ஓசைதானே? அந்த ஓசைக்கு உயிர் கொடுத்தவர்கள் டர்னரும் பின்னால் வந்த ஆய்வாளர்களும். டர்னர் அன்று அந்த ஊர்ப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வரலாற்றைக் காப்பது ஆவணம்தான் என்பது என் எண்ணம். வாய்மொழி அழகானது, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது.

---

மானாவாரி எழுதியது:

எனக்கு வேறு கேள்வி. நெல் வயல் என்றீர்களே, அமெரிக்காவில் நெல்லா? அதற்கு ஏன் ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் பிடிக்க வேண்டும்? நாங்கள் நாலு தலைமுறையாக நெல் போடுகிறோம். நெல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் என்னால் வாய் மூடி இருக்க முடியாது.

---

உப்பங்கழி எழுதியது:

மானாவாரி அண்ணா, முதலில் உங்களுக்கு. உங்கள் கேள்விதான் கல்வெட்டுக்காரர் ஐயாவுக்கும் பாதிப் பதில்.

18ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியின் பணமே நெல்தான். தோட்ட முதலாளிகளுக்கு நெல் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இன்றைய செனகலிலிருந்து சியரா லியோன், லைபீரியா வரை உள்ளவர்களுக்குத் தெரியும். ஆசிய நெல்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தனியாக ஒரு நெல் வகையையே பழக்கி வளர்த்தவர்கள் அவர்கள். அந்தப் பகுதியை 'நெல் கரை' என்றே வியாபாரிகள் சொன்னார்கள். சியரா லியோன் ஆற்று முகத்தில் பன்ஸ் தீவு என்று ஒரு அடிமைக் கோட்டை இருந்தது. அங்கிருந்து கப்பல்கள் நேராகச் சார்ல்ஸ்டனுக்கும் ஜார்ஜியாவின் சவானா துறைமுகத்துக்கும் வந்தன. 'நெல் தெரிந்த ஆட்கள்' என்று சொல்லி விற்றார்கள். அலையேறும் ஆற்றோரச் சதுப்பு நிலத்தை வெட்டி, கரை கட்டி, மதகு வைத்து வயலாக்கியது அவர்கள் கைகள். அவர்களோடு வந்த அறிவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று இப்போது ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில்தான் அவர்களுக்குள் வாதம்.

அந்த வயல்களோடு வந்த ஒரு பொருள் இன்றும் இருக்கிறது. உமி புடைக்கும் தட்டு. நம் முறம் போல வாய் திறந்து இருக்காது, வட்டமாக, அகலமாக, விளிம்பு கொஞ்சம் எழுந்து இருக்கும். உரலில் நெல்லைக் குத்தி, இதில் போட்டுப் புடைப்பார்கள். உரலும் உலக்கையும்கூட நம்முடையதுபோலவே மரத்தில் குடைந்தவை. நெல் விவசாயம் இங்கே அழிந்துபோய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தட்டு பின்னுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது கூடை, பழத்தட்டு, மூடி போட்ட பெட்டி என்று செய்கிறார்கள்.

போன மாதம் மவுண்ட் பிளசன்ட் பக்கம் 17ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மரப்பலகைக் கடையில் நின்றேன். எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா முடைந்துகொண்டிருந்தார். நாம் ஓலையைக் குறுக்கும் நெடுக்கும் விட்டுப் பின்னுவோம் இல்லையா, இது அப்படி இல்லை. ஒரு வாசனைப் புல்லைக் கட்டாகச் சேர்த்து, கயிறுபோல் நத்தைச் சுருளாகச் சுற்றிச் சுற்றி வைத்து, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு பனை இனத்து ஓலை நாரால் தைக்கிறார்கள். நடுவில் பழுப்பு வரி வேண்டுமென்றால் ஊசியிலை மரத்தின் காய்ந்த இலைகளைச் சேர்க்கிறார்கள். துளை போட அவர் கையில் இருந்தது ஒரு கரண்டிக் காம்பு. கரண்டியின் தலையை வெட்டி, காம்பைத் தட்டித் தேய்த்து வைத்திருந்தார். கட்டைவிரல் பட்டுப் பட்டு அந்த இடம் கண்ணாடியாக வழவழத்திருந்தது. "இது என் அம்மாவுடையது" என்றார்.

அந்தச் சுருள் தையல் செனகலிலும் சியரா லியோனிலும் இன்றும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டு வேலை என்றுதான் சொல்வீர்கள். அந்த அம்மா எந்த ஆவணத்தையும் பார்த்துக் கற்கவில்லை. ஆறு வயதில் அடிப்பகுதியைத் தொடங்கித் தரச் சொல்லி அம்மா உட்கார வைத்தாராம்.

அதனால் ஐயா, 'வெறும் ஓசை' என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கைக்கும் வாய்க்கும் தெரிந்தது மூளைக்குத் தெரிந்ததைவிடக் குறைந்தது இல்லை.

---

மானாவாரி எழுதியது:

படமே கண் முன்னால் வந்துவிட்டது தம்பி. விவரம் தெரிந்தவனைப் பிடித்து வந்து, அவன் அறிவிலேயே பணக்காரன் ஆகிவிட்டு, பிறகு அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

---

புத்தளத்தான் எழுதியது:

இந்த இழையை வாசித்ததும் எங்கட ஊர்க் கதை ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புத்தளத்துக்குக் கிட்ட சிறாம்பியடி என்று ஒரு ஊர். அங்கே காப்பிரி என்று சொல்லப்படுகிற ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் இருக்கின்றன. (தென்னாப்பிரிக்காவில் இதோடு தொடர்புள்ள சொல் மிக மோசமான வசை. இங்கே அந்த மக்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.) போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் மூன்று பேரும் வேறு வேறு காலத்தில் மொசாம்பிக் முதலான இடங்களிலிருந்து ஆட்களை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்தானியர் அவர்களைப் படையிலும் சேர்த்தார்கள். படைப்பிரிவு கலைந்த பிறகு ஒரு பகுதியினர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். இப்போது வீட்டில் சிங்களம். எங்களோடு தமிழிலும் கதைப்பார்கள்.

அவர்களிடம் 'மஞ்சா' என்று ஒரு பாட்டு-ஆட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு விழாவில் முதல் தரம் பார்த்தேன். மேளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கையால் தட்டுகிற ஒரு றபான், இரண்டு சிரட்டை, ஒரு போத்தலும் கரண்டியும். மெதுவாகத் தொடங்கும். ஒரு வயசான அம்மா இருந்த இடத்திலேயே தோளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தா. பிறகு தாளம் ஏற ஏற எழும்பி நடுவுக்கு வந்துவிட்டா. முடியும்போது யாரும் கதிரையில் இல்லை.

பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். இன்றைக்குப் பாடுகிற இளம் ஆட்களில் கனபேருக்கு அதன் சொற்களுக்கு முழுப் பொருள் தெரியாது. ஆனால் ஒரு சொல் பிசகினால் பெரியவர்கள் உடனே நிறுத்தித் திருத்துவார்கள். அமீலியா டாலியின் கதையை வாசித்தபோது எனக்கு அந்தத் திருத்தல்தான் ஞாபகம் வந்தது. பொருள் தெரியாத ஒன்றை ஏன் இவ்வளவு கவனமாகத் திருத்த வேண்டும்? அது தங்கட என்பது தெரியும், அவ்வளவுதான்.

கல்வெட்டுக்காரர் அண்ணை, இதை ஓசை என்று சொல்லிப்போட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

---

நூலக இருக்கை 14 எழுதியது:

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். அதனால் கல்வெட்டுக்காரர் ஐயாவின் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன், முழுக்க இல்லை.

1756இல் 'ஹேர்' என்ற கப்பல் சியரா லியோனிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வந்தது. அதில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. எலையாஸ் பால் என்ற நெல் தோட்ட முதலாளி அவளை வாங்கி, பிரிசில்லா என்று பெயர் வைத்தார். அந்தக் குடும்பம் கணக்குப் புத்தகங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது. பிரிசில்லாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாமே சொத்துக் கணக்காக அதில் ஏறியிருக்கிறது. கப்பல் ஆவணங்களும் கிடைத்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, சியரா லியோன் மண்ணிலிருந்து இன்று உயிரோடு இருக்கும் ஒருவர் வரை கோடு அறுபடாமல் காட்ட முடிந்தது. 2005இல் பிரிசில்லாவின் ஏழாம் தலைமுறைப் பேத்தி தோமலிண்ட் மார்ட்டின் பொலைட் சியரா லியோனுக்குப் போனார். ஊரே திரண்டு வரவேற்றது.

எழுதியவன் அவளைப் பொருளாகத்தான் எழுதினான். அந்தக் காகிதம் இல்லாமல் அவளுடைய பேத்திக்கு வழி தெரிந்திருக்காது. காகிதத்தைக் கையில் எடுக்கும்போது எனக்கு இது இரண்டும் ஒன்றாகவே நினைவு வரும்.

ஆனால் யார் கையில் காகிதம் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆர்ட்டூரோ ஷோம்பர்க், போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கு வரலாறே கிடையாது என்று பள்ளிக்கூட ஆசிரியர் சொன்னதைச் சின்ன வயதில் கேட்டவர் என்பார்கள். நியூயார்க்கில் ஒரு வங்கியில் கடிதப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய புத்தகம், கையெழுத்துப் பிரதி, படம் என்று சேர்த்தார். புத்தகம் மட்டுமே ஐயாயிரத்துக்கு மேல். 1926இல் அது 10,000 டாலருக்கு வாங்கப்பட்டு நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளைக்கு வந்தது. இன்றும் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். அதே 1926 பிப்ரவரியில்தான் கார்ட்டர் வுட்சன் கறுப்பின வரலாற்றுக்கென்று ஒரு வாரத்தைத் தொடங்கினார். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய கைகள் அவருடையவை, ஹார்வர்டில் முனைவர் பட்டமும் வாங்கியவர். அந்த வாரம்தான் 1976இல் மாதமாக வளர்ந்தது.

டர்னர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் வந்த அறிஞர்கள் கல்லா பேச்சைக் கொச்சை ஆங்கிலம், குழந்தைப் பேச்சு என்று எழுதிவைத்தார்கள். அந்த மக்கள் வெளியாட்களிடம் பள்ளிக்கூடத்துப் பெயரை மட்டும் சொல்வார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, 'கூடைப் பெயர்' என்பார்கள். டர்னர் கூட இருந்து பழகியதால் அந்தப் பெயர்கள் அவர் காதில் விழுந்தன. லண்டனுக்குப் போய் ஆப்பிரிக்க மொழிகள் படித்துவிட்டு 1949இல் புத்தகம் வெளியிட்டார். ஏறக்குறைய 4,000 சொற்களும் பெயர்களும் ஆப்பிரிக்க வேர் கொண்டவை என்று காட்டினார். பெரும்பாலும் ஆள் பெயர்கள். ஆக, அவர் அந்தப் பாட்டைக் காப்பாற்றவில்லை ஐயா. காப்பாற்றி வைத்திருந்தவர்கள் அவரை நம்பிக் கொடுத்தார்கள்.

---

கல்வெட்டுக்காரர் எழுதியது:

'நம்பிக் கொடுத்தார்கள்.' சரி அம்மா, இதை ஏற்கிறேன். முப்பது வருடமாகக் கல்லைப் படித்துப் பழகியவன். கல் யாரையும் நம்ப வேண்டியதில்லை, அதனால் எனக்கு இது தோன்றவில்லை.

---

வழக்குரைஞர் மேகலா எழுதியது:

பாட்டு, கூடை, விழா எல்லாம் படிக்க நிறைவாக இருக்கிறது. ஆனால் நிலம் போனால் இவை எங்கே நிற்கும் என்று யாரும் கேட்கவில்லையே?

உப்பங்கழி சொன்ன ஹாரிஸ் நெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942இல் போர் விமானத் தளத்துக்காக அமெரிக்க அரசு அங்கே சுமார் 2,700 ஏக்கரை எடுத்துக்கொண்டது. சுமார் 75 கறுப்பினக் குடும்பங்கள் சில வாரங்களில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. போர் முடிந்ததும் நிலம் திரும்பி வரும் என்று சொன்னார்கள் என்பது அந்தக் குடும்பங்கள் இன்றுவரை சொல்வது. வரவில்லை. 1962இல் அது வனவிலங்குப் புகலிடமாக ஆனது. 1979இல் அந்தக் குடும்பத்தினர் உள்ளே போய்க் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். நிலம் இன்னும் வரவில்லை.

மற்ற இடங்களில் சத்தமில்லாமல் நடக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகு வாங்கிய நிலத்துக்குப் பலர் உயில் எழுதவில்லை. அப்படியே பிள்ளைகள், பேரன்கள் எல்லோருக்கும் பொதுவாக இறங்கியது. நம் ஊர் கூட்டுப்பட்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பங்காளியின் பங்கை வெளியாள் வாங்கிவிடுவான். அடுத்த நாள் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போவான். நிலத்தைப் பிரிக்க முடியாதென்று மொத்தமும் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுக்கப் பணம் யாரிடம் இருக்கும்? கடற்கரையில் இன்று நிற்கும் பல உல்லாச விடுதிகளின் கீழே இப்படிப் போன மண் உண்டு. கூடைப் புல் முளைத்த மணல்மேடுகளும் அந்த வேலிகளுக்கு உள்ளே போய்விட்டன. புல்லுக்காக இப்போது வெகுதூரம் அலைகிறார்கள்.

கல்லா-கீச்சி மக்கள் வாழும் ஜார்ஜியாவின் சாப்பெலோ தீவில் 2023இல் வீட்டின் அளவு வரம்பை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 ஆக உயர்த்தினார்கள். பெரிய வீடு வந்தால் வரி ஏறும், வரி ஏறினால் பழைய குடிகள் விற்றுவிட்டுப் போக வேண்டும். அந்த மக்கள் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்.

---

காக்கைச் சிறகு எழுதியது:

மேகலா மேடம், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் புகலிடம் என்பது பறவைகளுக்கான இடம். அழிந்துபோக இருந்த நாரைகள் அங்கே கூடு கட்டுகின்றன. அது கெட்டுப்போனால் திரும்பக் கிடைக்காது.

---

வழக்குரைஞர் மேகலா எழுதியது:

நாரை வேண்டாம் என்று அந்த மக்களும் சொல்லவில்லை சகோதரரே. மீனும் சிப்பியும் பிடித்துப் பிழைத்தவர்கள், அந்தக் கழியை உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகப் பார்த்துக்கொண்டவர்கள். பறவைக்கு இடம் இருக்கும்போது அவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

---

புத்தளத்தான் எழுதியது:

உப்பங்கழி, அந்தப் பாட்டைக் காத்த மேரி அம்மாவும் பென்டு ஜபாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

---

உப்பங்கழி எழுதியது:

பார்த்தார்கள். சியரா லியோனில் உள்நாட்டுப் போர் நடந்ததால் பல வருடம் தள்ளிப்போனது. 1997இல் மேரி மோரன் குடும்பத்தோடு செனஹூன் ங்கோலாவுக்குப் போனார். ஊர்த் தலைவர் தொண்ணூறு வயதைத் தொட்ட, கண் தெரியாத முதியவர். பல பத்தாண்டுகளாக நின்றுபோயிருந்த அந்தக் கல்லறைச் சடங்கை இவர்களுக்காக மறுபடி நடத்தினார். அதன் பெயர் தென்ஜாமி. 'ஆற்றைக் கடப்பது' என்று அர்த்தம்.

மேரி அம்மாவுக்கு அது சின்ன வயதில் ஆடிப் பாடிய விளையாட்டுப் பாட்டு. அதன் பொருளை முழுதாகத் தெரிந்துகொண்டு அந்த மண்ணில் நின்று பாடும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை 1998இல் வந்த ஆவணப்படத்தில் பார்த்திருக்கிறேன். எழுத வரவில்லை. பென்டுவின் பாட்டி முன்பே சொல்லிவைத்திருந்தாராம்: பிரிந்துபோன நம் சொந்தம் ஒருநாள் வரும், இந்தப் பாட்டை வைத்துத்தான் அடையாளம் தெரியும் என்று.

எத்தனையோ பாட்டு இருக்க, கடத்தப்பட்ட ஒரு பெண் ஏன் இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள் என்று அந்தத் தலைவரிடம் கேட்டிருக்கிறார்கள். இதைவிட மதிப்புள்ள எதை அவள் எடுத்துப்போக முடியும், முன்னோர்களோடு அவளைச் சேர்த்துவைப்பது இதுதானே என்றாராம். ஒரு பழமொழியும் சொன்னார்: ஒருவர் எந்த மொழியில் அழுகிறாரோ, அதை வைத்துத்தான் அவர் யார் என்று தெரியும்.

கல்வெட்டுக்காரர் ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு என்னால் இதைவிட நல்ல பதில் தர முடியாது.

மேகலா மேடம் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஹாரிஸ் நெக் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். பழைய ஓடுபாதையின் கான்கிரீட் இன்னும் கிடக்கிறது, விரிசலெல்லாம் புல். குளத்து மரங்களில் நாரைகள், காக்கைச் சிறகு சொன்னது உண்மைதான். வீடு ஒன்றுகூட இல்லை. ஓக் மரங்களுக்குக் கீழே இடுகாடு மட்டும் இருக்கிறது. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இப்போதும் பார்த்துக்கொள்கிற இடம். ஒரு கல்லறையில் மண் இன்னும் இறுகவில்லை, மேலே வைத்த பூவும் வாடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பாட்டின் இரண்டாவது வரிதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது: கல்லறை இன்னும் முடியவில்லை.